கல்லூரிச் சஞ்சிகைக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கல்லூரி என்றால் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வரை உள்ள பள்ளிக்கூடம். தமிழ்நாட்டு வாசகர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே ஆசிரியர் குழு என்று சொல்வது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத்தான். 2017இல் அப்படியொரு குழுவில் நான் இதழாசிரியராக இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் புறூவ் (அச்சுக்கு முந்திய பிழைதிருத்தப் படி) பார்க்கப் போய்வருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் நூலக வாசலில் மறித்து வைத்து அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது.

சஞ்சிகை என்றால் பரிசளிப்பு விழா மலர்தானே?

இல்லை. மலரில் ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, அதிபர் அறிக்கை, அணிகளின் குழுப்படம் எல்லாம் வந்து, கடைசியில் இடம் மிஞ்சினால் மாணவர் ஆக்கம் வரும். சஞ்சிகையில் மாணவர் எழுதியதுதான் முதலிலும் கடைசியிலும். எங்கள் இதழில் ஆசிச் செய்தி ஒன்றுக்கு மேல் போடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றோம். மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். அந்த மூன்று பக்கத்தில் ஒரு சிறுகதை வந்தது.

குழுவில் யார் யார் இருப்பார்கள்?

இதழாசிரியர் ஒருவர், துணை ஆசிரியர் இருவர், படம் கீறுகிறவர் ஒருவர், விளம்பரத்துக்கும் காசுக்கும் ஒருவர், விற்பனைக்கு அலைய இருவர். மேலே பொறுப்பாசிரியராக ஒரு தமிழ் ஆசிரியர். காகிதத்தில் இப்படி. நடப்பில் இதழ் வருகிற மாதத்தில் எல்லோரும் எல்லாம் செய்வார்கள். படம் கீறுகிற பெடியன்தான் எங்களில் அதிகம் விளம்பரம் பிடித்தான்.

பெரும்பாலும் 12ஆம் தரத்தவர்தான், அதாவது 12ஆம் வகுப்பார்தான், குழுவில் இருப்பார்கள். 11இல் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை), 13இல் ஏ.எல். நடுவில் மூச்சு விடக் கிடைக்கிற ஒரே வருடம் அதுதான். இதனால் ஒரு தொல்லையும் உண்டு. வேலை பிடிபடுகிற நேரத்தில் ஆளை மாற்ற வேண்டியிருக்கும். போன வருடத்தவர் என்ன பிழை விட்டார்கள் என்று அடுத்த வருடத்தவருக்குத் தெரியாது. ஆகவே அதே பிழை அச்சொட்டாகத் திரும்ப வரும்.

கலைப் பிரிவுப் பிள்ளைகள்தான் சேரலாமா?

யாரும் சேரலாம். எங்களிடம் இருந்தவர்களில் புறூவ் பார்ப்பதில் கெட்டிக்காரி கணிதப் பிரிவு. கதையை ரசித்து வாசிக்கிறவருக்கு எழுத்துப்பிழை கண்ணில் படாது. அவளுக்குக் கதையில் அக்கறையே இல்லை. ஒவ்வொரு சொல்லாக, கணக்குச் சரிபார்ப்பதுபோல் பார்ப்பாள். "இந்தக் கதை நல்லமோ?" என்று கேட்டால், "எந்தக் கதை?" என்பாள்.

எதைப் பற்றி எழுதி அனுப்பலாம்?

எதைப் பற்றியும். ஆனால் எங்களுக்கு அலுத்துப்போனவை எவை என்று சொல்லிவிடுகிறேன். சம்பந்தர் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை’ என்று பாடிவிட்டார். அதற்குப் பிறகு இந்த ஊரில் பேனை பிடித்த ஒவ்வொருவரும் அந்த வரியை ஒருதரம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வருடம் வந்த நாற்பது கவிதையில் பதினொன்றில் குரைகடல் இருந்தது. அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் நித்திலம் என்றால் முத்து என்று தெரிந்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது, தமிழ்மொழித் தினப் போட்டிக்கு மனப்பாடம் செய்த கட்டுரை. கோட்ட மட்டத்தில் முதலிடம், வலய மட்டத்தில் இரண்டாமிடம் என்று மேலே எழுதியே தருவார்கள். போட்டிக் கட்டுரை நடுவருக்காக எழுதுவது. அதில் ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்காத கட்டுரையை நான் இன்னும் காணவில்லை.

பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் செருப்பைத் தொலைத்து வெறுங்காலோடு வீட்டுக்குப் போனதை ஒரு ஏழாம் தரப் பிள்ளை ஒன்றரைப் பக்கத்தில் எழுதித் தந்தது. தார் ரோட்டுச் சூடு வாசிக்கிறவரின் உள்ளங்காலில் ஏறியது. அப்படி இருந்தால் போதும்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா? சந்தைத் தமிழ் என்று வெட்டிவிட மாட்டீர்களா?

எழுதலாம். இந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

மீனவர் பகுதியான திருக்கடலூரிலிருந்து வருகிற ஒன்பதாம் தரப் பிள்ளை ஒரு கவிதை தந்தது. கொப்பித் தாளில் பென்சிலால் இருபது வரி. முதல் வரி இது: ‘கச்சான் எழும்பின நாளில அப்பா கரைக்கு வரேல்ல.’

நான் உவர்மலைப் பிள்ளை. கடலை யன்னலால் பார்த்து வளர்ந்தவன். கச்சான் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கடற்கரையில் சுருளில் போட்டு விற்கிற வறுத்த கச்சான்தான், அதாவது நிலக்கடலை. கச்சான் எப்படி எழும்பும்? பிள்ளை ஏதோ பிழையாக எழுதிவிட்டது என்று நினைத்து, பெரிய மனதோடு திருத்தினேன். ‘கச்சான் விற்கப் போன நாளில் அப்பா கரைக்கு வரவில்லை.’ எழுத்துத் தமிழாகவும் ஆயிற்று, பொருளும் வந்துவிட்டது என்று ஒரு திருப்தி. படம் கீறுகிறவன் கடதாசிச் சுருள் ஒன்றும் பக்கத்தில் உடைத்த கோது நாலும் வெகு அழகாகக் கீறித் தந்தான். முந்நூறு பிரதி அச்சாகி வந்தது.

இடைவேளையில் பிள்ளை இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அழவில்லை. "அண்ணா, இது கொறிக்கிற கச்சான் இல்ல. அடிக்கிற கச்சான்."

கச்சான் என்பது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடாகி எங்கள் பக்கம் இறங்கும். யூன், யூலை மாதங்களில் முகத்தில் அனல் அடித்த மாதிரி இருக்கும். அந்த நாட்களில் கரையிலிருந்து பார்த்தால் கடல் குளம்போல் கிடக்கும். ஆனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை அது வெளியே வெளியே கொண்டுபோகும். அலை இல்லாத கடலில் அப்பா ஏன் திரும்பவில்லை என்பது முழுக்க அந்த முதல் வரியில் இருந்தது. பிள்ளையின் அப்பாவை நான் கச்சான் வியாபாரி ஆக்கிவிட்டேன். (அப்பா அடுத்த நாள் வேறொரு வள்ளத்தோடு வந்து சேர்ந்தார். கவிதையின் கடைசி வரி அது.)

அடுத்த இதழில் அந்தக் கவிதையைத் திரும்பப் போட்டோம், பிள்ளை எழுதினபடியே, படம் இல்லாமல். கீழே தவறு எங்களுடையது என்று இரண்டு வரி. பொறுப்பாசிரியர் அந்த இரண்டு வரி வேண்டாம் என்றார். இதழின் மதிப்புக் குறையுமாம். போட்டோம்.

அதற்குப் பிறகுதான் மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையைத் தேடி வாசித்தேன். கடற்கரைச் சனங்களின் பேச்சு அச்சில் ஏறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

அப்படியென்றால் ஒன்றுமே திருத்த மாட்டீர்களா?

திருத்துவோம், கேட்டுவிட்டு. ன, ண மாறியது, ர, ற மாறியது, ஒற்று விடுபட்டது இவற்றைக் கேளாமலே திருத்தலாம். ஆனால் ஒரு சொல்லை எடுத்து வேறு சொல் போடுவதென்றால் எழுதியவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "இது என்ன?" என்று கேட்க வேண்டும். "இது பிழை" என்று தொடங்கக் கூடாது. பாதி நேரம் பிழை கேட்கிறவரிடம்தான் இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளை ‘வாப்பா’, ‘உம்மா’ என்று எழுதினால் அது வாப்பா, உம்மாதான். பொதுத் தமிழ் என்று சொல்லி அப்பா, அம்மா ஆக்கிய இதழ்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பிறகு அந்தக் கதை யாருடைய கதை?

என்னுடைய ஆக்கம் வராவிட்டால் காரணம் சொல்வீர்களா?

சொல்ல வேண்டும் என்பது விதி. முதல் வருடம் நாங்கள் சொல்லவில்லை. ‘இடமின்மை காரணமாக’ என்று நூலகக் கதவில் பொதுவாக ஒட்டிவிட்டோம். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு துண்டு போகிறது, கையால் எழுதி. எந்த வரி பிடித்தது, எந்த இடத்தில் வாசிக்க அலுத்தது என்று இரண்டே விஷயம். ஐம்பது துண்டு எழுத இரண்டு பின்னேரம் பிடிக்கும். குழுவில் எல்லோருக்கும் வெறுப்பான வேலை இதுதான். அடுத்த வருடம் திரும்ப எழுதித் தருகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் துண்டு கிடைத்தவர்களாகவே இருக்கிறார்கள்.

புனைபெயரில் எழுதலாமா?

தாராளமாக. இந்த ஊரில் 1939இல் பிறந்த கவிஞர் தருமு சிவராம் ‘பிரமிள்’ ஆகி, பிறகும் எண்கணிதம் பார்த்துப் பேரை மாற்றிக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டால் பொருளடக்கம் போடுகிற பிள்ளைக்குப் புண்ணியம். பொறுப்பாசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் அனுப்பலாமா, கையால் எழுதித் தர வேண்டுமா?

இரண்டும் ஏற்போம். ஆனால் தாளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். ஓரத்துச் சொல் எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும்.

ஃபோனில் தட்டச்சு செய்வது யூனிகோட்டில் வரும். அச்சகத்தில் பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போதுதான் கூத்து. பாமினியில் ஔ என்று தனி எழுத்து இல்லாமல் ஒ போட்டு ள போடுவார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். திரும்ப யூனிகோட்டுக்கு வரும்போது ஔவையார் ‘ஒளவையார்’ ஆகிவிடுவார். பிறகு எவ்வளவு தேடினாலும் கிழவி அகப்பட மாட்டாள். கொம்பும் அப்படித்தான். பாமினியில் கொம்பு தனியாக நிற்கிற எழுத்து. வரி முடிவில் நீளச் சொல்லைக் கையால் உடைத்தால் கொம்பு மேல் வரியிலும் அதற்குரிய எழுத்து கீழ் வரியிலும் கிடக்கும். அச்சகக்காரரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், திரையில் பக்கம் பக்கமாக ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

புறூவ் எத்தனை தரம் பார்ப்பீர்கள்?

மூன்று தரம், மூன்று வேறு ஆட்கள். மூன்றாவது ஆள் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வருவார். தலைப்புகளை மட்டும் தனியாக ஒருதரம் பார்க்க வேண்டும். ஏனென்றால் பெரிய எழுத்தில் உள்ள பிழையைத்தான் யாரும் காணமாட்டார்கள். எங்கள் ஆசிரியர் தலையங்கத்தின் தலைப்பிலேயே ஒரு ஒற்று விழுந்துபோனது. உள்ளே தமிழைப் பிழையின்றி எழுதுவது பற்றி ஒரு பந்தி.

இன்னொன்று. புறூவை சைக்கிள் கூடையில் வைத்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போகாதீர்கள். கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான்கள் ஊருக்குள் திரிவதைச் சுற்றுலாக்காரர் படம் பிடிப்பார்கள். எங்களுடைய 31ஆம், 32ஆம் பக்கங்களை ஒரு மான் தின்றது. இதைப் பொறுப்பாசிரியர் இன்றுவரை நம்பவில்லை.

அதிபர் பார்த்து வெட்டுவாரா?

அச்சுக்குப் போகுமுன் பொறுப்பாசிரியர் பார்ப்பார், அதிபரும் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பெயரில் வருகிற இதழ், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. மாணவ ஆசிரியர் செய்யக்கூடியது பக்கத்தில் நின்று பேசுவது.

ஒரு பிள்ளை தன் அம்மம்மா பற்றி எழுதியது. காணாமல் போன மாமாவுக்கு அம்மம்மா ஒவ்வொரு ராவும் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடிவைக்கிறார். காலையில் அது காகத்துக்கு. கதையில் வருடம் இல்லை, யார் கொண்டுபோனார் என்பது இல்லை. சோறும் மூடியும்தான். ‘பிரச்சினை வரும்’ என்று அதை ஒதுக்கினார்கள். எங்களுக்குக் கோபம். இதழையே நிறுத்துவோம் என்று ஒருத்தன் குதித்தான். கடைசியில் துணை ஆசிரியை மட்டும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் அம்மாவையும் அம்மம்மாவையும் கண்டு கேட்டாள். அம்மா சம்மதம். அம்மம்மா மட்டும், "அவன் வந்து வாசிச்சா வெக்கப்படுவான்" என்றாராம். நாங்கள் போடவில்லை. வெட்டியவர்கள் சொன்ன காரணம் பிழை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதுவரை நாங்கள் யாரும் அம்மம்மாவைக் கேட்க நினைத்திருக்கவில்லை.

காசு எங்கிருந்து வருகிறது?

கடைகளிடமிருந்து. பிரதான வீதியில் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கத்தால் திரும்பி வருவோம். நகைக்கடை பின் அட்டை கேட்கும், புத்தகக்கடை கால் பக்கம் எடுக்கும், ரியூட்டரிகள் (தனியார் வகுப்பு நடத்துகிற இடங்கள்) முழுப் பக்கம் எடுத்துவிட்டுக் காசு தர மாதக்கணக்கில் இழுக்கும். பழைய மாணவர்களிடம் கேட்கலாம். ஆனால் அவர்கள் கவிதையும் சேர்த்துத் தருவார்கள்.

பக்கக் கணக்கைப் பொருளாளர் முதல்நாளே படிக்க வேண்டும். நடுவில் கம்பி அடிக்கிற இதழ் நாலின் மடங்கில்தான் வரும். 61 பக்கத்துக்கு ஆக்கம் இருந்தால் 64 பக்கத்துக்குக் காசு கொடுப்பீர்கள். அந்த மூன்று பக்கத்தில் விளம்பரம் பிடிக்கலாம், அல்லது அழகான சின்னக் கவிதை மூன்று.

2022இல் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த மார்ச்சில் நாட்டில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. அச்சகக்காரர் விலை சொல்லவே மறுத்தார். "இண்டைக்கு ஒரு விலை சொல்லி நாளைக்கு என்னெண்டு முகத்தைப் பாக்கிறது" என்றார். அந்த வருடத்துக் குழு பழைய வழிக்குத் திரும்பியது. கையெழுத்துச் சஞ்சிகை, ஒரே பிரதி, நூலக மேசையில் சங்கிலி போட்டுக் கட்டியது. பழைய கணக்குக் கொப்பிகளின் எழுதாத தாளைக் கிழித்துச் சேர்த்தார்கள். என் கண்ணுக்கு இதுவரை வந்த இதழ்களில் அழகானது அதுதான், ஒரு பக்கம் கட்டம் போட்ட தாள், மறுபக்கம் கோடு போட்டது.

எழுத்துக்கு உரிமை யாருக்கு?

எழுதியவருக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும். இதழில் ஒருதரம் வந்ததால் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாகிவிடாது. பிறகு புத்தகமாகப் போடலாம், வேறு இதழுக்குக் கொடுக்கலாம். இணையத்தில் கண்ட கவிதையைக் கொண்டுவந்து தன் பெயர் போடுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். கண்டுபிடிப்பது சுலபம். எட்டாம் தரப் பிள்ளைக்கு விவாகரத்தின் வலி எப்படித் தெரியும்?

ஐஎஸ்எஸ்என் எண் (தொடர்ந்து வருகிற இதழ்களுக்குக் கொடுக்கும் சர்வதேச இலக்கம்) எடுக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஒழுங்காக வருகிற இதழ் என்றால் எடுக்கலாம். முதலில் இரண்டு வருடம் தொடர்ந்து வந்து காட்டுங்கள்.

பழைய இதழ்கள் எங்கே பார்க்கலாம்?

பள்ளிக்கூட நூலகத்தில் கறையான் விட்டுவைத்தது கொஞ்சம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்களும் சஞ்சிகைகளும் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் இதழையும் கொடுத்துவிட்டோம். கச்சான் சுருள் படம் உள்ள இதழ் உட்பட.

திருகோணமலையில் அப்படி யார் எழுதினார்கள் என்று எழுத வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் கேட்பார்கள். தி.த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற ‘மோகனாங்கி’ அவர் எழுதி 1895இல் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன் ‘தத்தை விடு தூது’ என்று பெண்விடுதலை பேசுகிற கவிதை நூல். அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். அதாவது எங்கள் ஊரில் புறூவ் பார்க்கிற பரம்பரை நூறு வருடத்துக்கு மேல். பிரமிள் இருபது வயதளவில் இங்கிருந்துகொண்டே சென்னையில் சி.சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ இதழுக்குத் தபாலில் எழுதி அனுப்பியவர். பள்ளிக்கூட நூலகப் பெட்டி தபாலை விடப் பக்கம்.

பிள்ளையின் ஏ.எல். பெறுபேறு கெட்டுப்போகுமா?

கெட்டவர்களும் உண்டு, கெடாதவர்களும் உண்டு. 13ஆம் தரத்துக்கு ஏறியதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் கொடுக்கவில்லை, மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த பெறுபேற்றை அம்மா இப்போதும் ஞாபகப்படுத்துவார்.

அந்தக் கச்சான் பிள்ளை பிறகு எழுதியதா?

எழுதியது. 12ஆம் தரத்துக்கு வந்ததும் இதழாசிரியர் ஆனது. பழைய மாணவன் என்ற உரிமையில் நான் ஒரு கவிதை கொடுத்தேன். துண்டு வந்தது: ‘மூன்றாம் வரி பிடித்தது. குரைகடல் வருகிற இடத்தில் அலுத்தது. அண்ணா, நித்திலம் என்றால் என்ன?’

இந்த முறை கடைசித் திகதி எப்போது?

இரண்டாம் தவணையின் முதல் வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்கும் வரை. பெட்டி நூலக வாசலில் இருக்கிறது, பழைய பிஸ்கட் தகரம். மூடி இறுக்கம், இரண்டு கையாலும் திறக்கவும்.